காசிமேடா, பட்டினப்பாக்கமா, தெருவுல வர்ற மீனக்காவா, மொபைல் ஆப்பா? நாலு வருஷம் மாத்தி மாத்தி வாங்கின கணக்கு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, காலைல மூணரைக்கு அலாரம் வச்சு எழுந்திரிச்சு, கே.கே.நகர்லருந்து வடசென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயி, வண்டி விட இடம் கிடைக்காம எங்கயோ தள்ளி நிறுத்திட்டு, ஐஸ் தண்ணியும் சேறும் கலந்த தரையில செருப்பு வழுக்க வழுக்க நடந்து, ரெண்டு கிலோ சங்கராவும் ஒரு கிலோ எறாவும் வாங்கி, வெட்டுறதுக்கு வரிசைல நின்னு, எட்டு மணிக்கு வீடு வந்து சேர்ந்தா தெருமுனைல மீன் விக்கிற நம்ம மீனக்கா அன்னக்கூடைய இறக்கி வச்சிட்டு உக்காந்திருக்காங்க. உள்ள அதே சங்கரா. கிலோவுக்கு என்ன விலைன்னு கேட்டேன், நான் வாங்கினத விட 40 ரூபா அதிகம், அவ்ளோதான். கையில இருந்த பையப் பார்த்துட்டு "ஏன் சார் தூக்கத்த கெடுத்துக்கிட்டு, நானும் அங்கருந்து தானே எடுத்தாறேன்"னு சிரிச்சாங்க. அன்னைக்குதான் உக்காந்து கணக்கு போட்டுப் பார்க்கணும்னு தோணுச்சு.

எங்க வீட்டுல அஞ்சு பேர். வாரத்துக்கு ரெண்டு தடவ மீன், எல்லாம் சேர்த்து மூணு கிலோ வரும். போன வருஷம் அம்மா நாகப்பட்டினத்துலருந்து எங்களோடவே வந்துட்டாங்க, அக்கரைப்பேட்டை மீனு சாப்பிட்டு வளர்ந்தவங்க, அதனால மீன் விஷயத்துல சும்மா ஒப்பேத்த முடியாது, தட்டுல வச்ச உடனே "இது ஐஸுல கெடந்தது"ன்னு சொல்லிடுவாங்க. ஆபிஸ்ல புதுசா சென்னைக்கு வந்த ரெண்டு பேரு வேற எங்க வாங்குறதுன்னு கேட்டுட்டே இருக்காங்க. காசிமேடு போ, பட்டினப்பாக்கம் போ, ஆப்ல போடுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, நானும் இந்த நாலையும் மாத்தி மாத்தி பண்ணிப் பார்த்துட்டேன், அதனால சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். எந்த இடம்னு கேக்குறதுக்கு முன்னாடி எந்த போட்டுன்னு கேக்கணும். இது தெரியாம நான் ரெண்டு வருஷம் ஏமாந்திருக்கேன், யாரும் என்ன ஏமாத்தல, நானே ஏமாந்தது. காசிமேட்டுல நிக்கிற பெரிய லாஞ்சு, அதாவது விசைப்படகு, ஒரு தடவ கடலுக்குப் போனா ஒரு வாரம், பத்து நாளு, சிலது அதுக்கும் மேல கடல்லயே தங்கும். போகும்போதே ஐஸ ஏத்திட்டுப் போவாங்க, பிடிக்கிற மீன உள்ள ஐஸுல அடுக்கிட்டே வருவாங்க. அப்ப முதல் நாள் பிடிச்ச மீனும் கடைசி நாள் பிடிச்ச மீனும் ஒரே நாள்ல கரைக்கு வரும். வியாபாரி "இன்னைக்கு வந்த மீனு"ன்னு சொல்றது பொய் கிடையாது, கரைக்கு இன்னைக்குதான் வந்துச்சு, ஆனா செத்தது என்னைக்குன்னு நாமதான் கேக்கணும். பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம், ஊரூர் பக்கம் மணல்ல நிக்கிற சின்ன ஃபைபர் போட்டு அப்படி இல்ல, நடுராத்திரிக்கு மேல, விடிகாலைல போயி வலை இழுத்துட்டு அன்னைக்கே திரும்பி வந்துடும்.

அப்ப ஃபைபர் போட்டு மீனுதான் எப்பவும் பெஸ்ட்டா? அங்கதான் பலரும் தப்பு பண்றாங்க. ஃபைபர் போட்டுல பெருசா ஐஸ் இருக்காது, கரைக்கு ஏழு எட்டு மணிக்கு வந்த மீன் பதினோரு மணி வரைக்கும் ரோட்டோரம் பலகை மேல வெயில்ல கெடந்துச்சுன்னா, ஒழுங்கா ஐஸ் போட்டு மூணு நாளு வச்ச லாஞ்சு மீன் அதவிட எவ்வளவோ மேல். மீனுக்கு எமன் நாள் கணக்கு கிடையாது, சூடுதான். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ்னு துறைமுகத்துல பழகினவங்க சொல்வாங்க, அத வீட்டுக்கு எடுத்துட்டு வரும்போது நாம யாரும் செய்யிறதில்ல, கறுப்பு கவர்ல கட்டி பெட்ரோல் டேங்க் மேல வச்சு ஓட்டிட்டு வர்றோம், அப்புறம் "ஃப்ரெஷ்ஷா வாங்கினேனே ஏன் நாறுது"ன்னு கேக்குறோம்.

இன்னொண்ணு, எல்லா இடத்துலயும் ஒரே மீனு கிடைக்காது, அதனால விலைய மட்டும் வச்சு ஒப்பிடவும் முடியாது. பெரிய வஞ்சிரம், சூரை, மயில் மீன், பெரிய சுறா இதெல்லாம் பெரும்பாலும் ஆழத்துக்குப் போற போட்டுல வர்றது. எறா, கடம்பா, சங்கரா, கிழங்கா இதெல்லாம் இழுவலை லாஞ்சுல குவியும். கரைக்குப் பக்கத்துல போற ஃபைபர் போட்டுல கானாங்கெளுத்தி, கவலை, நெத்திலி, காரப்பொடி, நண்டு, அதிர்ஷ்டம் இருந்தா ரெண்டு கிலோ மூணு கிலோ வஞ்சிரம் ஒண்ணு ரெண்டு. இழுவலைல எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா நசுங்கி வரும், செவுள் வலைலயோ தூண்டில்லயோ மாட்டினது உடம்பு கலையாம வரும், தூண்டில் வஞ்சிரத்துக்குத் தனி விலை சொல்றது அதனாலதான், அது நியாயமான விலைதான்.

சரி காசிமேட்டுக்கு வர்றேன். போகாதீங்கன்னு சொல்லமாட்டேன், ஒரு தடவயாவது பார்க்கணும். விடியறதுக்கு முன்னாடியே ஏலம் ஆரம்பிச்சிடும், கூடை கூடையா கொட்டி வச்சு, ஏலம் போடுறவர் மூச்சு விடாம விலைய ஏத்திட்டே போவாரு, சுத்தி நிக்கிற பொம்பளைங்க கண்ணாலயே பதில் சொல்வாங்க, நம்மள மாதிரி ஆளு நடுவுல போயி நின்னா ஓரமா தள்ளிவிட்டுட்டு வேலைய பார்ப்பாங்க. நாம வாங்குறது ஏலத்துல இல்ல, ஏலம் எடுத்தவங்க பக்கத்துலயே தார்ப்பாய் விரிச்சு சில்லறைக்கு விக்கிறதுல. இத புரிஞ்சுக்கணும், "துறைமுக விலை"ன்னு நாம நினைச்சிட்டுப் போறது உண்மையில துறைமுக வாசல் சில்லறை விலை. ஞாயித்துக்கிழமைன்னா அதுவும் ஏறிடும், ஊரே அங்க இருக்கும். அதே இடத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுட்டுப் போனேன், அதே சங்கரா கிலோவுக்கு 80 ரூபா கம்மி. புரட்டாசில போனா இன்னும் ஜாலி, பாதி ஊரு விரதத்துல இருக்கும், வஞ்சிரக்காரங்களே நம்மள கூப்பிட்டு விலை கேப்பாங்க.

என் கணக்கு இதுதான். போக வர 30 கிலோமீட்டருக்கு மேல, பெட்ரோல் வண்டிக்கு தகுந்த மாதிரி 70லருந்து 80 ரூபா, வெட்டுக்கூலி, நல்ல ஐஸ் வேணும்னா அதுக்கு தனியா, நடுவுல ரெண்டு டீ. மூணு கிலோ வாங்கி கிலோவுக்கு 40, 50 மிச்சம் பிடிச்சா 150 ரூபா, போன செலவுக்கே சரியாப் போச்சு, தூக்கம் போனதுக்கு கணக்கே இல்ல. ஆனா தீபாவளி முடிஞ்ச வாரம் எங்க அபார்ட்மெண்ட்ல நாலு வீடு சேர்ந்து ஒரு கார்ல தெர்மாகோல் பெட்டியோட போனோம், 14 கிலோ வாங்கினோம், எறாவும் ஒரு முழு வஞ்சிரமும் கடம்பாவும், வந்து கூறு போட்டு பிரிச்சுக்கிட்டோம், அப்ப நல்லாவே மிச்சம். முழு வஞ்சிரமா எடுத்தா துண்டு விலைய விட கம்மியா அடிச்சுப் பேசலாம், தலையும் நமக்கே, எங்க வீட்டுக்கு தலைதான் வந்துச்சு, அம்மா அத வச்சு வச்ச குழம்ப பத்தி அந்த மூணு வீடும் இன்னும் பேசிட்டிருக்கு. அதனால காசிமேடு கூட்டா வாங்குறவங்களுக்கும், விசேஷத்துக்கு வாங்குறவங்களுக்கும், வடசென்னைல குடியிருக்குறவங்களுக்கும். ஒத்தக் குடும்பம் வேளச்சேரிலருந்து மூணு கிலோவுக்காக போறது வேடிக்கை பார்க்கத்தான், அத தப்புன்னும் சொல்லல.

பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் எனக்கு மனசுக்குப் பிடிச்ச இடம், அத முன்னாடியே சொல்லிடுறேன், அப்புறம் ஒருதலைப்பட்சம்னு சொல்லாதீங்க. மெரினா லூப் ரோடு ஓரமா முன்னாடி மீன் கடைங்க வரிசையா இருக்கும், 2023 ஏப்ரல்ல ஹைகோர்ட்டு தானா முன்வந்து வழக்கு எடுத்து, கடைங்கள அகற்றப் போயி, மீனவருங்க ரோட்டுல உக்காந்து, பெரிய பிரச்சினை ஆச்சு ஞாபகம் இருக்கும். அப்புறம் 2024 ஆகஸ்டுல 366 கடையோட நவீன மீன் அங்காடி தொறந்தாங்க. தண்ணி வசதி, மேடை, மேல கூரைன்னு வாங்குறவங்களுக்கு சவுகரியம்தான், வெயில் படாம மீன் இருக்குறது பெரிய விஷயம். ஆனா கூரைக்கு அடியில வந்துட்டதால அங்க இருக்குறதெல்லாம் எதிர்க்க இருக்குற கடல்லருந்து வந்ததுன்னு நினைக்கக் கூடாது. அங்க விக்கிறவங்கள்ல நிறைய பேரு காசிமேட்டுலருந்தும் எடுத்துட்டு வந்து விக்கிறாங்க, அவங்களும் என்ன பண்ணுவாங்க, வலைல விழுந்தத மட்டும் வச்சு கடை நடத்த முடியாது, கேக்குற சனம் வஞ்சிரத்தையும் எறாவையும் தானே கேக்குது. நேரா கேட்டா நேரா சொல்லிடுவாங்க. "இது நம்ம போட்டு, அது காசிமேடு"ன்னு ஒரு ஆயா எனக்கு பிரிச்சே காட்டுனாங்க, அன்னைலருந்து அவங்க கடைதான். பேரு கூட தெரியாது, ஓரத்துல பச்சை தார்ப்பாய் போட்ட கடை, அதான் அடையாளம்.

அங்க போறதுன்னா ஏழரைக்குள்ள போங்க. போட்டு மணல்ல ஏறுற நேரம், வலையிலருந்து மீன எடுத்துட்டே இருப்பாங்க. ஒரு தடவ அப்படி வாங்கின கானாங்கெளுத்தி வீட்டுக்கு வந்தப்புறமும் விறைப்பா இருந்துச்சு, அம்மா ஒரு மீன தலைகிட்ட மட்டும் பிடிச்சுத் தூக்குனாங்க, வாலு தொங்காம கம்பி மாதிரி நேரா நின்னுச்சு, அவ்ளோதான் ஒரு வார்த்தை பேசல, மசாலா அரைக்கப் போயிட்டாங்க. எங்க வீட்டுல அதுக்கு மேல சர்டிபிகேட் கிடையாது. அங்க குறை என்னன்னா நாம மனசுல வச்சிட்டுப் போற மீன் இருக்காது. நெத்திலி குழம்புன்னு முடிவு பண்ணிட்டுப் போனா நண்டுதான் இருக்கும், நண்டுன்னு போனா கவலைதான். காத்து சரியில்லன்னா ஒண்ணுமே இருக்காது, அன்னைக்கு அங்க நிறைய மீன் இருந்தா அதுதான் சந்தேகப்பட வேண்டிய நாள். என்ன கிடைக்குதோ அத சமைக்கத் தெரிஞ்ச வீட்டுக்கு இதவிட நல்ல இடம் இல்ல. இன்னொரு காரணமும் உண்டு, நாம குடுக்குற காசு நடுவுல நாலு கை மாறாம போட்டுக்குப் போன வீட்டுக்கே போகுது, புருஷனோ புள்ளையோ பிடிச்சிட்டு வந்தத அந்த வீட்டுப் பொம்பளை உக்காந்து விக்கிறாங்க.

இப்ப தெருவுல வர்ற அக்கா. இவங்களத்தான் நான் ரொம்ப நாளா கீழ வச்சிருந்தேன், "அவங்க காசிமேட்டுல மிச்சம் மீதிய எடுத்துட்டு வருவாங்க"ன்னு எங்க பக்கத்து வீட்டு மாமா சொன்னத நம்பி. உண்மை தலைகீழ். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து, ஏலத்துல நாலு பேரா சேர்ந்து ஒரு கூடை எடுத்து பங்கு போட்டு, ஷேர் ஆட்டோல கூடைய ஏத்திட்டு வந்து எட்டு மணிக்கு நம்ம தெருவுல நிக்கிறாங்க. நமக்கு மூணரைக்கு எழுந்து சங்கராவ பொறுக்கத் தெரியாது, அவங்களுக்கு இருவது வருஷமா அதான் வேலை. அந்த 40 ரூபா அதுக்குத்தான், ஆட்டோ காசு போக அதுல என்ன மிஞ்சும்னு யோசிச்சா பேரம் பேச வாய் வராது. அம்மா மட்டும் பேசுவாங்க, பேசாம வாங்கினா அந்த அக்காவுக்கே சப்புன்னு ஆயிடும்.

கூடைய வச்சு விக்கிறதுல இருக்குற பெரிய நல்லது, மறுநாளைக்கு எடுத்து வைக்க ஃபிரிட்ஜ் கிடையாது, அன்னைக்கு எடுத்தத அன்னைக்கே வித்தாகணும். அதனால கம்மியாத்தான் எடுத்துட்டு வருவாங்க. கெட்டது, ஐஸ் மேல ஒரு கை தூவினது மட்டும்தான் இருக்கும், பத்து மணிக்கு மேல கோடை காலத்துல வாங்காதீங்க, அதுவும் கானாங்கெளுத்தி, மத்தி, சூரை இந்த மூணும் சூட்டுல கெடந்தா ஹிஸ்டமின்னு ஒண்ணு உண்டாகும், வாசனைல தெரியாது, கொதிக்க வச்சாலும் போகாது, சாப்பிட்ட அரை மணி நேரத்துல மூஞ்சி செவந்து அரிப்பு எடுக்கும், நாம "எனக்கு மீன் அலர்ஜி போல"ன்னு நினைச்சுக்குவோம். எனக்கே ஒரு தடவ வந்துச்சு, ஆனா அது அக்காகிட்ட வாங்கினது இல்ல, பட்டினப்பாக்கத்துல மதியம் பன்னெண்டு மணிக்கு கம்மி விலைன்னு பேராசைல அள்ளிட்டு வந்த கானாங்கெளுத்தி. தப்பு முழுக்க என் மேலதான்.

அக்காகிட்ட வாங்க ஆரம்பிச்சு ஆறு மாசம் கழிச்சுதான் உண்மையான லாபம் தெரிஞ்சுது. ஒரு நாள் கூடைல வவ்வால் இருந்துச்சு, எடுக்கப் போனேன், "அது இன்னைக்கு வேணாம் சார், கிழங்கா எடுத்துக்குங்க"ன்னு அவங்களே சொன்னாங்க. எந்த ஆப்பு இப்படி சொல்லும்? நாளைக்கும் அதே தெருவுல வந்து உக்காரணும்ல, அந்த கட்டாயம்தான் நமக்கு கியாரண்டி. செதில் சீவி, செவுள் எடுத்து, குடல் எடுத்து, குழம்புக்கா வறுவலுக்கான்னு கேட்டு அருவாமனைல துண்டு போட்டுத் தர்றாங்க, அம்மாவ "பெரிம்மா"ன்னு கூப்பிட்டு நாகப்பட்டினத்து கதையெல்லாம் கேட்டுக்கிறாங்க, கையில காசு இல்லன்னா அப்புறம் தாங்கன்னு போயிடுறாங்க.

ஆப் பத்தி சொல்லணும். நான் எதிரி கிடையாது, கொரோனா நேரத்துல அதுதான் எங்களுக்கு மீன் போட்டுச்சு. ஐஸ் ஜெல்லோட சில்லுன்னு வரும், வீடு நாறாது, மழை கொட்டினாலும் வரும். ஆனா மீன பார்த்து வாங்குற ஒரே வழி கண்ணும் செவுளும், அத ரெண்டையும் வெட்டிப் போட்டுட்டுத்தான் அனுப்புறாங்க. துண்டு போட்டப்புறம் என்ன மீன்னு கண்டுபிடிக்கிறது எனக்கெல்லாம் முடியாத காரியம். ஒரு தடவ வஞ்சிரம்னு ஆர்டர் போட்டு வந்தத அம்மா ஒரு வாய் வச்சிட்டு "இது கடல் விரால்"ன்னாங்க, கம்ப்ளெயிண்ட் பண்ணினேன், காச திருப்பிட்டாங்க, ஆனா ஆமான்னும் சொல்லல இல்லன்னும் சொல்லல. கடல் விராலும் நல்ல மீன்தான், ஆனா அதுக்கு வஞ்சிர விலை குடுக்க மனசு வரல.

விலைய ஒப்பிடும்போது ஒரு இடத்துல மட்டும் ஆப்புக்கு நியாயம் பண்ணணும். அங்க சில சமயம் சுத்தம் பண்ணின எடைக்கு விலை, சில சமயம் முழு மீன் எடைக்கு விலை, ரெண்டும் சின்ன எழுத்துல இருக்கும், பார்த்துக்குங்க. என் வீட்டு தராசுல போட்டுப் பார்த்தேன், ஒரு கிலோ முழு சங்கரா சுத்தம் பண்ணினா 600, 650 கிராம்தான் நிக்கும். ஒரு கிலோ எறா தலை ஓடு எல்லாம் உரிச்சா பாதிதான். அதனால உரிச்ச எறா கிலோ 900ன்னு ஆப்ல பார்த்து அலறிட்டு, வெளிய முழு எறா 450க்கு வாங்கி வந்து ஒரு மணி நேரம் உக்காந்து உரிச்சு கை நாறினா, மிச்சம் பூஜ்யம். இதுல ஒரு ரகசியமும் இல்ல, ஆப்ல வர்ற உரிச்ச எறா பெரும்பாலும் பண்ணைல வளர்த்த வன்னாமி, ஆந்திரா பக்கமும் நம்ம கடலோரமும் குளம் வெட்டி வளர்க்குறது, 2009ல இந்தியால அனுமதி குடுத்ததுலருந்து அதான் ராஜா. பிரியாணிக்கும் ஃப்ரைக்கும் அது போதும். கடல் எறாவோட அந்த இனிப்பு வேணும்னா, வெறும் தொக்கு மட்டும் வைக்கப் போறீங்கன்னா, காசிமேடுதான் போகணும்.

சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்ட விட்டுட்டேன்னு சொல்வீங்க. போயிருக்கேன், நாலஞ்சு தடவ. எல்லா ஊரு மீனும் கிடைக்கும், லாரில வந்தது, ஐஸ் பெட்டில வந்தது, குளத்து மீன், ஆத்து மீன், வங்காளிங்க தேடுற கட்லா ரோகுவும் அங்க நல்லா இருக்கும். கடல் மீனுக்காக மட்டும்னா கடற்கரை ஊர்ல இருந்துட்டு அங்க போக எனக்கு காரணம் தெரியல.

ஆனா மேல சொன்ன எல்லாமே பத்து மாசத்துக்குத்தான். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் கணக்கே வேற. மீன் குஞ்சு பொரிக்கிற காலம்னு கிழக்குக் கடற்கரை முழுக்க லாஞ்சுங்களுக்கு தடை, முன்னாடி 45 நாளா இருந்தது 2017லருந்து 61 நாள். ஃபைபர் போட்டுக்கு தடை இல்ல. அப்ப காசிமேட்டுல கூட்டம் கொறையும், வஞ்சிரம் விலை எங்கயோ போகும், ஆப்ல வர்ற மீன் பெரும்பாலும் கேரளா, கர்நாடகா பக்கத்துலருந்து ரோட்டு வழியா வந்தது. அது கூட ஜூன் ஆரம்பம் வரைக்கும்தான், ஏன்னா மேற்குக் கடற்கரைல கர்நாடகால ஜூன் 1, கேரளால ஜூன் 10 வாக்குல தடை ஆரம்பிச்சு ஜூலை 31 வரைக்கும் போகும். ஜூன் ரெண்டாவது வாரத்துல ரெண்டு பக்கமும் லாஞ்சு கட்டிக் கெடக்கும். அப்ப யாராவது "சூப்பர் ஃப்ரெஷ் பெரிய வஞ்சிரம்"னு சொன்னா எந்த ஃப்ரீஸர்ல இருந்துச்சுன்னு கேளுங்க. அந்த நேரத்துல ஹோட்டல்லயும் தெருவுலயும் வவ்வால்ங்கிற பேருல ஏரி வவ்வால் சுத்தும், அது வவ்வாலே கிடையாது, பண்ணைல வளர்க்குற ரூப்சந்த், வாயத் திறந்து பல்லப் பாருங்க, மனுசப் பல்லு மாதிரி இருக்கும். (கருப்பு வவ்வாலும் உண்மையில பாறை மீனு குடும்பம்தானாம், அது வேற கதை, ருசில யாரும் குறை சொல்ல முடியாது.) அந்த 61 நாளும் எங்க வீட்டுல பட்டினப்பாக்கம் மட்டும்தான், இல்லன்னா கருவாடு.

தடை முடிஞ்சு முதல்ல திரும்புற லாஞ்சுல எறாவும் சங்கராவும் குவியும்னு காசிமேட்டுல அடிச்சுப் பிடிச்சு கூட்டம் நிக்கும். அந்த முதல் ஞாயித்துக்கிழமைய விட்டுட்டு அடுத்த வாரம் நடுவுல போறவன் புத்திசாலி. நான் மூணு வருஷம் முதல் ஞாயித்துக்கிழமையே போயி நசுங்கினவன்.

பயம் பத்தி ரெண்டு வார்த்தை, ஏன்னா எடம் மாத்துறதுக்கு பாதி பேரு சொல்ற காரணம் இதுதான். 2018ல கேரளால ஆபரேஷன் சாகர் ராணின்னு செக்போஸ்ட்ல நிறுத்தி ஃபார்மலின், அதாவது கெடாம இருக்க போடுற கெமிக்கல், போட்ட மீன பிடிச்சப்ப இங்கயும் ரெண்டு மாசம் யாரும் மீன் வாங்கல. ஃபார்மலின் தேவைப்படுறது தூரத்துலருந்து வர்ற மீனுக்கு, காலைல பிடிச்சு காலைலயே விக்கிறவங்களுக்கு அது வெட்டிச் செலவு. செவுள் செவப்பா இருக்கு, ஆனா கண்ணு குழி விழுந்து வெள்ளை படிஞ்சிருக்கு, வாசனையே இல்ல, ஈ கூட உக்காரல, இப்படி ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராம இருந்தா விட்டுட்டு வந்துடுங்க. எறா தலை கழண்டு தொங்கினா பழசு. நண்ட கையில தூக்குனா கனக்கணும், அமாவாசை நண்டுலதான் சதை இருக்கும்னு அம்மா சொல்வாங்க, நான் எப்பவும் காலண்டர் பார்த்துட்டு நண்டு வாங்குறதில்ல, கனத்த வச்சுதான். அப்புறம் எண்ணெய்க் கசிவு. 2017 ஜனவரில எண்ணூர் பக்கம் ரெண்டு கப்பல் மோதினப்பவும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் கலந்தப்பவும், மீன்ல வாசம் அடிக்குதான்னு மோந்து பார்த்துட்டு மொத்த சென்னையும் மீன ஒதுக்குச்சு. பத்து கிலோமீட்டர் தெக்க பிடிச்சவனும், பத்து நாளு ஆழ்கடல்ல கெடந்து வந்தவனும் சேர்ந்து நஷ்டப்பட்டாங்க. அப்பவும் உதவினது ஒரே கேள்விதான், எந்த போட்டு, எங்க போட்ட வலை.

பேரு குழப்பம் வேற இருக்கு, புதுசா வந்தவங்க கவனிங்க. ஆபிஸ்ல தூத்துக்குடிக்கார பையன் சீலா வேணும்னு போயி கேட்டிருக்கான், ஊசி மூக்கும் பல்லுமா ஒரு மீன குடுத்திருக்காங்க. அவன் ஊர்ல சீலான்னா நம்ம வஞ்சிரம், இங்க ஷீலான்னா அது வேற, அவங்க ஊர்ல ஊளின்னு சொல்றது. எங்க அம்மாவும் முதல் மாசம் கணவாய் கேட்டு கணவாய் கேட்டு அலுத்துப் போயி, கடைசில கைய காட்டி "இது என்ன"ன்னு கேட்டப்ப "கடம்பா"ன்னு சொன்னாங்களாம். ஆப்ல இந்தப் பிரச்சினை இல்ல, படம் போட்டிருப்பாங்க, அதையும் சொல்லிடணும்.

இப்ப எங்க வீட்டுல எப்படி ஓடுதுன்னா, வாரத்துல ஒரு நாள் அக்காகிட்ட, செவ்வாய் இல்லன்னா புதன், அவங்க எத எடுக்கச் சொல்றாங்களோ அது. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை பட்டினப்பாக்கம், ஏழு மணிக்கு பொண்ணையும் கூட்டிட்டு, தெர்மாகோல் பெட்டி வண்டி முன்னாடி, ஐஸ் வீட்டுலருந்தே. காசிமேடு வருஷத்துக்கு மூணு நாலு தடவ, நாலு வீட்டோட சேர்ந்து மட்டும். ஆப்ல உரிச்ச எறா மட்டும், அதுவும் யாராவது திடீர்னு வீட்டுக்கு வந்தா. கார் இல்லாத, சமைக்க நேரம் இல்லாத, ரெண்டு பேரு மட்டும் இருக்குற வீடா இருந்தா நான் இத அப்படியே மாத்தி ஆப்ப மேல வச்சிருப்பேன், அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. பக்கத்துல மீனக்கா வர்ற தெருவா இருந்து நீங்க இன்னும் அவங்ககிட்ட வாங்கிப் பார்க்கலன்னா மட்டும் ஒரு மாசம் வாங்கிப் பாருங்க.

இன்னைக்குக் காலைல அக்கா கூடைல கிழங்காவும் கொஞ்சம் காரப்பொடியும். அம்மா ஒரு கிழங்காவ தூக்கிப் பார்த்தாங்க, வாலு லேசா தொங்குச்சு, "நேத்து மதியத்துதா"ன்னு கேட்டாங்க, அக்கா "ஆமா பெரிம்மா, லாஞ்சு மீனு, ஐஸுல இருந்தது"ன்னு ஒத்துக்கிட்டாங்க, கிலோவுக்கு 20 ரூபா கொறச்சு வாங்கினோம். கிளம்பும்போது, நாளைக்கும் மறுநாளும் வரமாட்டேன், வாடைக் காத்து ஏறிடுச்சு, யாரும் போட்டு எறக்கலன்னு சொல்லிட்டுப் போனாங்க. அம்மா உள்ள போயி பரண்லருந்து நெத்திலிக் கருவாட்டு டப்பாவ எறக்கச் சொன்னாங்க.